கட்டைவிரல் போடும் தாளம்: ஜான் ஃபேஹியின் முதல் ஆல்பத்தைக் கேட்பது எப்படி

ஒரு சின்னச் சோதனையோடு தொடங்கலாம். ‘ஸ்லைகோ ரிவர் ப்ளூஸ்’ என்ற கிட்டார் இசைத் துண்டைத் தேடி எடுத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். பாட்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது, கிட்டார் மட்டும்தான். எத்தனை கிட்டார் என்று எண்ணிப் பாருங்கள். கீழே ‘தொம், தொம்’ என்று ஒருவர் நிற்காமல் நடந்துகொண்டிருப்பார். மேலே இன்னொருவர், எந்த அவசரமும் இல்லாமல், ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருப்பார். முதல் தடவை கேட்டபோது வாசிப்பது இரண்டு பேர் என்றுதான் நான் நம்பினேன். ஆனால் அங்கே இருப்பது ஒரே ஆள், ஒரே கிட்டார், ஒரே வலது கை.

அந்தக் கை ஜான் ஃபேஹி என்ற அமெரிக்கருடையது. அந்தத் துண்டு இருக்கும் ஆல்பத்தின் பெயர் ‘ப்ளைண்ட் ஜோ டெத்’. 1959இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 20. ஃபிங்கர்ஸ்டைல் கிட்டார் என்றால் என்ன, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசையில் கிட்டார் எப்படி வேலை செய்கிறது, ‘பரிசோதனை இசை’ என்று எதைச் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கொடுப்பது இந்த ஒரு ஆல்பத்தைத்தான். மூன்று கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. அதுவும் காதால் கேட்டே பிடித்துவிடக்கூடிய பதில்.

முதலில் இந்த இசைத்தட்டு எப்படி வந்தது என்று பார்ப்போம். வாஷிங்டன் நகரத்தை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் டகோமா பார்க் என்று ஓர் ஊர். ஃபேஹி வளர்ந்தது அங்கேதான். முதல் கிட்டாரைச் சியர்ஸ் கம்பெனியில் 17 டாலருக்கு வாங்கினார். பிறகு ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். தன் வாசிப்பைத் தட்டாகப் போட வேண்டும் என்று ஆசை. ஆனால் பாட்டே இல்லாத இந்தக் கிட்டாரை எந்த ரெக்கார்டு கம்பெனியும் எடுக்காது என்று அவருக்கே தெரியும். அதனால் சம்பாதித்த பணத்தோடு ஒரு சர்ச் பாதிரியாரிடம் கடனும் வாங்கி, 100 பிரதி மட்டும் அச்சடித்துக்கொண்டார். கம்பெனி என்று ஏதாவது ஒரு பெயர் போட வேண்டுமே, ஊர்ப் பெயரையே வைத்து ‘டகோமா’ என்று போட்டார். இசைக்கலைஞரே கம்பெனி தொடங்கித் தன் தட்டைத் தானே வெளியிடுவது இன்றைக்குச் சாதாரணம். 1959இல் அப்படிச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அட்டை வெறும் வெள்ளை. படம் கிடையாது. ஒரு பக்கம் ‘ஜான் ஃபேஹி’ என்று கறுப்பு எழுத்து, மறுபக்கம் ‘ப்ளைண்ட் ஜோ டெத்’ என்று கறுப்பு எழுத்து. பெட்ரோல் பங்குக்கு வந்தவர்களிடம் சில பிரதி விற்றார். பழைய சாமான் கடைகளில் கிடக்கும் தட்டுகளுக்கு நடுவே சிலவற்றை ரகசியமாகச் செருகி வைத்துவிட்டு வந்தார். நாட்டார் இசை ஆய்வாளர்கள் சிலருக்கு அனுப்பினார். அந்த 100 பிரதி தீரவே சில வருடம் ஆனது. அந்த மறுபக்கப் பெயருக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் கையைப் பார்த்துவிடுவோம்.

கிட்டார் வாசிப்பு என்றதும் நம் மனசில் வருவது பெரும்பாலும் ஸ்ட்ரம்மிங்தான். இடது கை ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டைப் பிடிக்கும், வலது கை ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் மேலும் கீழும் வருடும். பாடுகிறவருக்கு அது நல்ல துணை. ஃபிங்கர்ஸ்டைலில் வலது கை அப்படி வீசாது. விரல்கள் தனித்தனியாகத் தந்திகளைச் சுண்டும். கட்டைவிரலுக்கு மூன்று தடித்த தந்தி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் மூன்று மெல்லிய தந்தி என்று பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். தடித்த தந்தி கனமான கீழ்ச் சுரம் தரும், மெல்லிய தந்தி மேல் சுரம் தரும். முதலில் கேட்ட இரண்டு ஆட்களில் ஒருவர் கட்டைவிரல், மற்றவர் மீதி விரல்கள்.

இது மட்டும் போதாது. ஸ்பானிய செவ்வியல் கிட்டாரிலும் விரலால்தான் சுண்டுகிறார்கள், அதற்கு இந்தச் சத்தம் வராது. ப்ளூஸ் விரல் வாசிப்பின் உயிர் கட்டைவிரல் மாறி மாறிப் போடும் பாஸில், அதாவது கீழ்ச் சுரத்தில், இருக்கிறது. ‘ஆல்டர்னேட்டிங் பாஸ்’ என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இது பிடிபட்டுவிட்டால் ஆல்பத்தில் பாதி பிடிபட்ட மாதிரி.

சி மேஜர் கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் முதலில் ஐந்தாவது தந்தியைச் சுண்டும். அது கார்டின் அடிச் சுரம். அடுத்து நான்காவது தந்தி. மறுபடி ஐந்தாவது, மறுபடி நான்காவது. சில பேர் நடுவில் ஆறாவது தந்திக்கும் போய் வருவார்கள். எப்படிப் போனாலும் அடி தவறக் கூடாது, கடிகாரம் மாதிரி விழ வேண்டும். இப்போது மனசுக்குள் ‘தகதிமி, தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த’ வரும் இடத்தில் கட்டைவிரல், ‘தி’ வரும் இடத்தில் மறுபடி கட்டைவிரல். ‘க’வும் ‘மி’யும் காலி. மெட்டு வாசிக்கும் விரல்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் வந்து உட்காரலாம். ‘த’வில் கட்டைவிரலோடு சேர்ந்து சுண்டினால் அது கிள்ளுகிற மாதிரி ஓர் அழுத்தம் தரும். காலியாக இருக்கும் ‘க’விலோ ‘மி’யிலோ வந்தால் மெட்டு தாளத்தை விட்டுத் துள்ளி வெளியே வந்தது போலிருக்கும். இந்தத் துள்ளலுக்குச் ‘சிங்கோபேஷன்’ என்று பெயர். கேட்கிறவர் காலால் தாளம் போட ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

கிட்டார் கற்க வருகிறவர்கள் மெட்டுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உட்கார்ந்து பழகிய பிறகுதான் தெரிந்தது, மெட்டு இரண்டு நாளில் வந்துவிடும், கட்டைவிரல்தான் வராது. மேல் விரல் தாளத்துக்கு வெளியே ஒரு சுரம் வைத்த உடனே கட்டைவிரலும் கூடவே ஓடிவிடும். அதை இழுத்துப் பிடிக்கப் பல வாரம் ஆனது. கட்டைவிரலை மட்டும் ஓடவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிப் பழகுவதுதான் இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி. பேச்சு தடுமாறாமல், அடியும் தடுமாறாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஃபேஹியின் வாசிப்பை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று தெரியும். அவரைவிட வேகமான விரல்கள் உலகத்தில் நிறைய உண்டு. அவர் கட்டைவிரலுக்கு இருந்த அந்தச் சலனமில்லாத பொறுமை மட்டும் அபூர்வம்.

இந்தக் கட்டைவிரல் உத்தி பியானோவில் இருந்து வந்தது என்பார்கள். 1900ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்காவில் ரேக்டைம் என்ற பியானோ இசை கொடிகட்டிப் பறந்தது. இடது கை ‘தொம்-சக், தொம்-சக்’ என்று அடித்தளம் போடும், வலது கை அதன்மேல் துள்ளும். பியானோ வாங்க வழியில்லாத தெற்கு மாநிலத்துக் கறுப்பினக் கலைஞர்கள் அந்த இடது கையைக் கட்டைவிரலுக்குள் கொண்டுவந்தார்கள். ப்ளைண்ட் ப்ளேக்கின் பழைய தட்டுகளில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். மிசிசிப்பி ஜான் ஹர்ட் இதையே தாலாட்டு மாதிரி மென்மையாக வாசிப்பார். எலிசபெத் காட்டன் என்ற பெண்மணி இடது கைப் பழக்கம் உள்ளவர். வலது கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தந்தியை மாற்றாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசித்தார். அதனால் அவருக்குக் கட்டைவிரல் மெட்டையும் மற்ற விரல்கள் பாஸையும் வாசித்தன. கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. உத்தி என்பது விரலில் இல்லை, காதில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்.

அடுத்து தந்தி. செவ்வியல் கிட்டாரில் நைலான் தந்தி. அது உருண்டையான, மிருதுவான சத்தம் தரும், சீக்கிரம் அடங்கிவிடும். ப்ளூஸ்காரர்கள் வாசித்தது ஸ்டீல் தந்தி. சுண்டினால் கணீரென்று எழும், அடங்க நேரம் எடுக்கும். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்த சுரம் வந்து அதோடு கலக்கும். தனியாக ஒரே ஆள் வாசிக்கும்போது இந்த நீண்ட அதிர்வுதான் இடைவெளிகளை நிரப்புகிறது. தபால் மூலம் பொருள் விற்கும் கம்பெனிகளின் பட்டியல் வழியாக மலிவான கிட்டார்கள் தெற்கு மாநிலக் கிராமங்கள்வரை போய்ச் சேர்ந்தன. ஃபேஹியின் 17 டாலர் கிட்டாரும் அந்த வம்சம்தான்.

ஆறு தந்திகளையும் எப்படிச் சுருதி சேர்ப்பது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. வழக்கமான முறை தடித்ததில் இருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதில் இடது கை எதையும் பிடிக்காமல் வெறுமனே வருடினால் எந்தக் கார்டும் வராது. சில தந்திகளைத் தளர்த்தி, வெறும் தந்திகளே ஒரு முழுக் கார்டாக ஒலிக்கும்படி செய்வதை ஓப்பன் ட்யூனிங் என்கிறார்கள். ப்ளூஸ் கலைஞர்கள் அதிகம் பயன்படுத்திய ஓப்பன் டி ட்யூனிங்குக்கு அவர்களிடையே ‘வெஸ்டபோல்’ என்று ஒரு விசித்திரப் பெயர் இருந்தது. அது செவஸ்டபோல் என்ற பெயரின் திரிபு. கருங்கடல் ஓரத்தில், கிரிமியப் போரில் முற்றுகையிடப்பட்ட துறைமுக நகரம் அது. அந்த முற்றுகையை வைத்து ஹென்றி வொரல் என்பவர் எழுதிய ஒரு கிட்டார் துண்டு 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் ரொம்பப் பிரபலம். அது இந்த ட்யூனிங்கில் இருந்தது. அச்சிட்ட இசைக்குறிப்பு மறைந்துபோனது, ட்யூனிங் கைமாறிக் கைமாறி மிசிசிப்பி பருத்திக் காடுகள்வரை வந்துவிட்டது, பெயர் மட்டும் உருமாறி ஒட்டிக்கொண்டது. எனக்கு இந்தப் பெயரின் பயணம் அவ்வளவு பிடிக்கும்.

ஓப்பன் ட்யூனிங் இருந்தால் ஸ்லைடும் எளிது. கண்ணாடி பாட்டிலின் கழுத்தையோ கத்தியையோ தந்திமேல் வைத்து வழுக்கினால் முழுக் கார்டே வழுக்கும், மனிதக் குரல் மாதிரி இழையும். டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசையமைப்பாளர் 1903ஐ ஒட்டி மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஹேண்டி 1914இல் வெளியிட்ட ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ ஃபேஹியின் ஆல்பத்திலும் இருக்கிறது. பாடகர்களும் ஜாஸ் குழுக்களும் எத்தனையோ முறை பதிவு செய்த பாட்டு. நடுவில் டாங்கோ தாளத்தில் ஒரு பகுதி வரும். ஃபேஹி அந்தப் பெரிய பாட்டை ஒற்றைக் கிட்டாருக்குள் சுருக்கி வைத்திருக்கிறார். வார்த்தைகள் தெரிந்தவர்களுக்கு வார்த்தை காதில் கேட்கும், தெரியாதவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

சரி, வாஷிங்டன் புறநகரில் வளர்ந்த ஒரு வெள்ளைக்கார இளைஞருக்கு இந்த இசை எப்படிக் கிடைத்தது? 1920களிலும் 30களிலும் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகள் கறுப்பின வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகள் போட்டன. பொருளாதாரப் பெருமந்தத்தில் அந்த வியாபாரம் படுத்தது. தட்டுகள் வீடுகளின் மூலையில் தூசி படிந்து கிடந்தன. 1950களில் ஒரு சின்னக் கூட்டம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கியது. ஃபேஹி அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருக்கு அப்போது பிடித்தது வெள்ளையர்களின் ப்ளூகிராஸும் நாட்டுப்புற இசையும்தான். ப்ளூஸை ஒதுக்கி வைத்திருந்தார்.

அப்படி நண்பர் டிக் ஸ்பாட்ஸ்வுட்டோடு பால்டிமோருக்குத் தட்டு தேடிப் போன ஒரு சமயம், ப்ளைண்ட் வில்லி ஜான்சனின் ஒரு பக்திப் பாட்டைக் கேட்டார். முதலில் அவருக்குக் குமட்டியதாம். பிறகு அந்தப் பாட்டு மனசை விட்டுப் போகவில்லை. மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டபோது அழுதுவிட்டார். ஒரு மதமாற்றம் மாதிரி என்று பின்னாளில் அவரே சொன்னார். தனக்கு எது பிடிக்காது என்று உறுதியாக நினைத்திருந்தாரோ அதுவே அவர் வாழ்க்கையாகிவிட்டது.

இப்போது அந்த மறுபக்கப் பெயர். ப்ளைண்ட் வில்லி ஜான்சன், ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன், ப்ளைண்ட் ப்ளேக், ப்ளைண்ட் வில்லி மக்டெல், ப்ளைண்ட் பாய் ஃபுல்லர். பழைய ப்ளூஸ் தட்டுகளில் ‘ப்ளைண்ட்’ என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக வரும். பார்வையில்லாத ஒரு கறுப்பின மனிதருக்கு அன்றைய தெற்கு மாநிலங்களில் பிழைக்க வழி மிகக் குறைவு. தெருமுனையில் கிட்டாரோடு நின்று பாடுவது அந்தச் சில வழிகளில் ஒன்று. கம்பெனிக்காரர்கள் அந்தக் குறையையே பெயருக்கு முன்னால் ஒட்டி விற்றார்கள். இந்தத் தட்டுகளைத் தேடிய வெள்ளை இளைஞர்களுக்கோ அந்தப் பெயர்களே ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டன. ஃபேஹி தன் ஆல்பத்தின் ஒரு பக்கத்துக்கு ‘ப்ளைண்ட் ஜோ டெத்’ என்று ஒரு கற்பனைக் கலைஞரை உருவாக்கினார். பார்வையற்ற ஜோ, குடும்பப் பெயர் மரணம். பின்னாளில் வந்த அட்டைக் குறிப்புகளில் அந்த ஜோவுக்குக் கனமான ஆராய்ச்சி நடையில் வாழ்க்கை வரலாறே எழுதினார். ப்ளூஸைப் பற்றி மற்றவர்கள் எழுதிக் குவித்த பயபக்தியான எழுத்தை அதில் கேலி செய்தார்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் துயரத்தில் இருந்து வந்த பெயரை ஒரு வசதியான இடத்துப் பையன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கான என் பதில், அவர் அதன்பிறகு செய்த வேலைதான். 1963இல் அவரும் நண்பர் எட் டென்சனும், 1940க்குப் பிறகு தட்டே வராத புக்கா வைட் என்ற ப்ளூஸ் கலைஞர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடினார்கள். வைட் பாடிய ஒரு பாட்டில் மிசிசிப்பி மாநிலத்து அபர்டீன் ஊர்ப் பெயர் வரும். அந்த ஒரு தடயத்தை வைத்து, ‘புக்கா வைட், பழைய ப்ளூஸ் பாடகர், அபர்டீன், மிசிசிப்பி’ என்று விலாசம் எழுதித் தபால் நிலையத்துக்கே கடிதம் போட்டார்கள். வைட் அப்போது மெம்ஃபிஸில் இருந்தார். கடிதம் எப்படியோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டகோமா கம்பெனி அவர் இசையைத் தட்டாக வெளியிட்டது. அடுத்த வருடம் ஃபேஹியும் ஹென்றி வெஸ்டைனும் பில் பார்த்தும் சேர்ந்து, ஸ்கிப் ஜேம்ஸ் என்ற இன்னொரு பழைய ப்ளூஸ் கலைஞரை டூனிகா ஊர் மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். அதே 1964இல் ஜேம்ஸ் நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் பாடினார். மிசிசிப்பி ப்ளூஸ் முன்னோடி சார்லி பாட்டன் பற்றி ஃபேஹி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எழுதிய முதுகலை ஆய்வு 1970இல் புத்தகமாக வந்தது. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த ஆட்களை அவர் கடைசிவரை விடவில்லை.

இந்த ஆல்பத்தில் ‘பரிசோதனை’ எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டால் பழைய இசை மாதிரிதானே இருக்கிறது? 1959ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கிங்ஸ்டன் ட்ரியோ குழு ஒரு பழைய கொலைப் பாட்டைப் பாடி அமெரிக்கா முழுக்க முதலிடத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டார் இசை என்றால் சேர்ந்து பாடுவது, கிட்டார் என்றால் பாட்டுக்குத் துணை. பழைய ப்ளூஸ்காரர்களுக்கும் பெரும்பாலும் கிட்டார் குரலோடு சேர்ந்துதான் இருந்தது. ஃபேஹி குரலை முழுக்க எடுத்துவிட்டார். எடுத்த பிறகு அந்த வெற்றிடத்தை வித்தை காட்டி நிரப்பவில்லை. கச்சேரி மேடையில் செவ்வியல் கிட்டார் ஒரு முழுமையான இசையாக நிற்கிறதே, அதே மரியாதையை ஸ்டீல் தந்தி கிட்டாருக்கும் அதன் கிராமத்து உத்திகளுக்கும் கொடுத்தார்.

அதோடு அவர் காதில் இன்னொரு உலகமும் இருந்தது. பேலா பார்டாக், சார்ல்ஸ் ஐவ்ஸ் மாதிரியான 20ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களை விரும்பிக் கேட்டவர் அவர். ஒத்துப்போகாத சுரங்களை வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்து வந்தது. ‘தி ட்ரான்ஸெண்டென்டல் வாட்டர்ஃபால்’ என்ற நீளமான துண்டைக் கேட்டால் தெரியும். ப்ளூஸ் மாதிரித் தொடங்கும் ஒரு வரி நடுவழியில் நின்றுவிடும். கசப்பான ஒரு கார்ட் விழும். கொஞ்சம் மௌனம். பிறகு சம்பந்தமில்லாத மாதிரி இன்னொரு மெட்டு. முதல் தடவை கேட்கும்போது ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்று தோன்றும். மூன்றாவது தடவை கேட்டால், ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து யோசிப்பதை ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும். இந்த ஆல்பத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்த மௌனங்கள்.

இந்தப் பாணிக்குப் பின்னாளில் ‘அமெரிக்கன் பிரிமிட்டிவ்’ என்று பெயர் வந்தது, ஃபேஹியே வைத்த பெயர். ‘பிரிமிட்டிவ்’ என்றால் ஆதிநிலையில் இருப்பது, பக்குவப்படாதது. இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். பள்ளியில் படிக்காமல் தானாகக் கற்றுக்கொண்ட ஓவியர்களைப் ‘பிரிமிட்டிவ்’ என்று ஓவிய உலகில் சொல்வது உண்டு. அந்த அர்த்தத்தில் தன்னைத்தான் ஃபேஹி அப்படிச் சொல்லிக்கொண்டார். அவர் கற்றுக்கொண்ட ப்ளூஸ் கலைஞர்கள் பக்குவப்படாதவர்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சார்லி பாட்டனின் தாளக்கட்டை ஒரு தடவை கூர்ந்து கேட்டவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள்.

இனி எந்தப் பதிப்பைக் கேட்பது என்ற நடைமுறைக் கேள்வி. ஃபேஹிக்குத் தன் முதல் வாசிப்பில் திருப்தி இல்லை. 1964இல் சில துண்டுகளை மறுபடி வாசித்துப் பதிவு செய்தார். 1967இல் ஆல்பம் முழுவதையும் ஸ்டீரியோவில் புதிதாக வாசித்தார். ஆக, ஒரே பெயரில் மூன்று ஆல்பம். 1967 பதிப்பில் ஒலி துல்லியம், கை உறுதி, வேகமும் கூடியிருக்கும். முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு அதுவே நல்லது. பழகிய பிறகு முந்தைய பதிப்புகளுக்குப் போங்கள். அங்கே கை கொஞ்சம் தடுமாறும், ஒலி மங்கலாக இருக்கும், ஆனால் இதையெல்லாம் யாரும் இன்னும் செய்து பார்க்கவில்லை என்று தெரிந்த ஒரு பையனின் துணிச்சல் அதில் அப்படியே இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2010 பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தபோது மூன்று வருடங்களையும் குறிப்பிட்டது.

இதன் வாரிசுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே சுருக்கமாக. 12 தந்தி கிட்டாரில் புயல் மாதிரி வாசித்த லியோ காட்கியின் புகழ்பெற்ற ஆல்பத்தை 1969இல் வெளியிட்டது டகோமாதான். ஃபேஹியின் நண்பர் ராபி பாஷோ உஸ்தாத் அலி அக்பர் கானிடம் பயின்று, ஸ்டீல் தந்தி கிட்டாரில் ராக ஆலாபனை மாதிரியான நீண்ட வாசிப்புகளைக் கொண்டுவந்தார். ஓப்பன் ட்யூனிங்கில் ஆதார சுருதி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த இணைப்பு அவருக்கு இயல்பாக வந்திருக்க வேண்டும். வில்லியம் ஆக்கர்மன் 1976இல் தொடங்கிய விண்டம் ஹில் கம்பெனியின் அமைதியான கிட்டார் இசைக்கும் வேர் இங்கேதான். ஃபேஹியின் கடைசிக் காலம் எளிதாக இல்லை. நோயும் வறுமையும் சேர்ந்துகொள்ள, ஓரிகன் மாநிலத்துச் சேலம் நகரில் மலிவான விடுதிகளில் காலம் தள்ளினார். அந்த நிலையிலும் 1990களில் சத்தமான மின்கிட்டார் பரிசோதனைகளில் இறங்கினார். ஓர் அப்பாவித்தனமான நாட்டார் இசைக்காரராக அவரை வைத்துப் பார்த்த ரசிகர்களுக்கு அது அதிர்ச்சி. 2001 பிப்ரவரியில், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 62 வயதை எட்டச் சில நாட்களே இருந்தபோது இறந்துபோனார்.

கேட்கும் வரிசை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால், ‘ஸ்லைகோ ரிவர் ப்ளூஸ்’ முதலில். இரண்டாவதாக ‘இன் க்ரைஸ்ட் தேர் இஸ் நோ ஈஸ்ட் ஆர் வெஸ்ட்’. ஜான் ஆக்சன்ஹாம் 1908இல் எழுதிய கிறிஸ்தவக் கீர்த்தனை அது. கிறிஸ்துவுக்குள் கிழக்கு, மேற்கு என்ற பேதம் இல்லை என்று தொடங்கும். கறுப்பின அடிமைகளின் பக்திப் பாடல் ஒன்றில் இருந்து ஹாரி பர்லி அமைத்த மெட்டு அதற்குப் பின்னாளில் சேர்ந்தது. இந்தச் சர்ச்சுப் பாட்டைப் ப்ளூஸ்காரர்களின் கட்டைவிரலோடு ஃபேஹி வாசிக்கிறார், இரண்டும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்த மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. இந்த இரண்டும் வழக்கமான ட்யூனிங்கில், சி மேஜரில்தான் இருக்கின்றன. கையில் ஒரு கிட்டார் இருந்தால் நீங்களே தொடங்கிப் பார்க்கலாம். பிறகு ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’, ‘ஜான் ஹென்றி’. அருவித் துண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை மெட்டின் பின்னால் போங்கள், அதுதான் இயல்பு. இரண்டாவது முறை மெட்டை விட்டுவிட்டுக் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஸ்லைகோ என்பது டகோமா பார்க் வழியாக ஓடும் ஒரு சின்ன ஓடை, வரைபடத்தில் அது ஆறுகூட இல்லை. துண்டு முடியப் போகும்போது மேல் விரல்கள் மெதுவாக ஓயும். கீழே அந்த ‘தொம், தொம்’ இன்னும் ஒரு கணம் நடந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.